ஹீமட்டாலஜி பிராக்டிகலில் ஸ்லைடு முன்னால் தோற்றுவிட்டேன், அடுத்த தடவைக்கு எப்படித் தயாராவது? (மும்பை)

பரேல்_வாசி

வணக்கம். மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் ஹீமட்டாலஜி (ரத்த நோய்கள்) டிஆர்என்பி என்ற மேல்படிப்பு 3 வருடம் முடித்திருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. தியரி 3 பேப்பரும் முதல் தடவையே தேறிவிட்டது. 300-க்கு 150 வேண்டும், அதைத் தாண்டியே வந்தது. பிராக்டிகலில்தான் போய்விட்டது. ரிசல்ட் வந்து 9 நாள் ஆகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கே போனது என்று எனக்கே தெரியும். ஸ்பாட்டில் (விடை எழுத வேண்டிய மேஜைகளில் ஒன்றில்) ஒரு மைக்ரோஸ்கோப், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். 34 வயதுப் பெண், அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த பரிசோதனையில் பிளேட்லெட் 22,000, ரத்தக்கசிவு எதுவும் இல்லை, மற்ற அணுக்கள் எல்லாம் சரியான அளவில். காகிதத்தைப் படித்ததுமே கை எழுத ஆரம்பித்துவிட்டது: ஐடிபி (உடம்பே பிளேட்லெட்டை அழிக்கும் நோய்), ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின். அப்புறம்தான் லென்ஸில் கண்ணை வைத்தேன். ஸ்லைடின் நடுவில் ஒரே இடத்தைப் பார்த்தேன், பிளேட்லெட் குறைவாகத்தான் தெரிந்தது. அடுத்த ஸ்பாட்டுக்குப் போய்விட்டேன்.

வைவாவில் எக்சாமினர் அதே ஸ்லைடை வைத்து, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "ஐடிபி சார்" என்றேன். "நோயைக் கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள்?" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவரே ஸ்லைடை நகர்த்தி வால் பக்கம், அதாவது ரத்தப் பூச்சு மெலிந்து முடியும் ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொன்னார். அங்கே திட்டுத் திட்டாகப் பிளேட்லெட் கொத்துகள். ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ சேர்த்த குழாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை மெஷின் எண்ணாமல் விட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை. நான் அவருக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் படித்த இடத்தில் ஸ்மியர் (கண்ணாடியில் இழுத்த ரத்தப் பூச்சு), மேரோ (எலும்பு மஜ்ஜை) எல்லாமே சாயங்காலம் 4 மணிக்கு வெளி லேபுக்குப் போய்விடும். மறுநாள் பிடிஎஃப் வரும். அதைப் பார்த்து மருந்து எழுதுவோம். கீமோ, டிரான்ஸ்பிளான்ட் வார்டு, இன்ஃபெக்ஷன் எல்லாம் இரவு பகலாகப் பார்த்திருக்கிறேன், அதில் பயம் இல்லை. ஆனால் 3 வருடத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தது மொத்தம் இரண்டு வாரம் கூட இருக்காது. லேப் போஸ்டிங் கேட்டபோதெல்லாம் "வார்டில் ஆள் இல்லை" என்றார்கள்.

இன்னும் சில மாதம் இருக்கிறது. தேறியவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நைட்_ட்யூட்டி

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 9 நாள் போதும்.

நான் டிஎம் (உங்கள் டிஆர்என்பிக்கு இணையான படிப்பு) முடித்து 6 வருடம் ஆகிறது, இப்போது சயானில் இருந்து வேலைக்குப் போகிறேன். என் பேட்ச்சில் போனவர்கள் எல்லோரும் பிராக்டிகலில்தான் போனார்கள். தியரிக்கு உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பிராக்டிகலில் எக்சாமினர் பார்ப்பது வேறு: நாளைக்கு இந்த ஆளிடம் ஒரு நோயாளியைத் தனியாக விடலாமா என்பதைத்தான். கேள்வி வங்கிச் செயலியில் இன்னொரு 2,000 கேள்வி போடுவதால் அது வராது. அந்தச் செயலியை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துச் சொல்வது) பற்றி அப்புறம் எழுதுகிறேன். ஸ்லைடுக்கு இங்கே ஒரு அக்கா இருக்கிறார், அவர் வரட்டும்.

சிவப்பணு

வந்துவிட்டேன். ஹீமட்டோபாத்தாலஜியில் 16 வருடம், அதில் பெரும்பகுதி பரேலில்.

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த ஒரே தவறை வருடா வருடம் பார்க்கிறேன். காகிதம் முந்திக்கொள்கிறது, கண் பின்னால் போகிறது. அதனால் முதல் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விவரக் காகிதம் இல்லாமல் ஸ்லைடு பாருங்கள். வயது, ஆணா பெண்ணா, எண்ணிக்கை எதுவும் வேண்டாம். வெறும் கண்ணாடி.

பார்க்கும் முறை: முதலில் ஸ்லைடைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் அதிகமாக இருக்கிறதா? மைலோமா (பிளாஸ்மா அணுப் புற்று) நோயாளியின் ஸ்மியர் பல சமயம் வெறும் கண்ணுக்கே நீலம் பாய்ந்து தெரியும், புரதம் அதிகம் என்பதால். மணல் தூவின மாதிரி இருந்தால் சிவப்பணுக்கள் ஒட்டிக் கட்டியாகி இருக்கின்றனவா என்று யோசியுங்கள், கோல்டு அக்ளுட்டினின் (குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி) நினைவுக்கு வரட்டும். அதற்கப்புறம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். இதை விட்டுவிட்டு யாரும் ஆயிலுக்கு (எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸுக்கு) போகக்கூடாது. 10-இல் வால் முழுவதும், இரண்டு ஓரமும் ஒரு சுற்று. பெரிய அணுக்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும்: பிளேட்லெட் கொத்து, பிளாஸ்ட் (முதிராத அணு), சில சமயம் மைக்ரோஃபைலேரியா கூட. உங்கள் 34 வயதுப் பெண்ணும் அங்கேதான் காத்திருந்தார்.

அதற்கப்புறம்தான் ஆயில் இம்மெர்ஷன். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொடுகிற, ஏறி உட்காராத இடம்தான் படிக்க வேண்டிய இடம். தடித்த பக்கம் பார்த்தால் எல்லாமே ஸ்ஃபீரோசைட் (நடு வெளுப்பு இல்லாத உருண்டைச் சிவப்பணு) மாதிரி இருக்கும், வாலின் கடைசியில் பார்த்தாலும் நடு வெளுப்பு போய்விடும். சிவப்பு, வெள்ளை, பிளேட்லெட் என்று ஒவ்வொன்றையும் தனியாக முடியுங்கள். பிளேட்லெட்டை நீங்களே எண்ணுங்கள்: 10 ஆயில் ஃபீல்டு எண்ணிச் சராசரி எடுத்து 15,000-ஆல் பெருக்கினால் தோராயமான எண்ணிக்கை வரும். மெஷின் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கொத்து இருந்தால் சிட்ரேட் குழாயில் திரும்ப எடுக்கச் சொல்லி, வருகிற எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிட்ரேட் திரவம் ரத்தத்தை அந்த அளவு நீர்க்கச் செய்கிறது.

பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்வது போதாது. ஒரு உதாரணம் தருகிறேன்: "வெள்ளணுக்கள் குறைவு. இருப்பதில் பெரும்பாலானவை முதிராத பெரிய அணுக்கள், உட்கரு இரண்டு மடலாக மடிந்திருக்கிறது, சைட்டோபிளாசத்தில் தடித்த துகள்கள், சில அணுக்களில் ஊசி போன்ற ஆவர் ராடுகள் சுள்ளிக்கட்டு மாதிரிக் கிடக்கின்றன. பிளேட்லெட் மிகக் குறைவு, உடைந்த சிவப்பணுக்கள் அங்கங்கே. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று சந்தேகிக்கிறேன். அட்ரா மருந்தை இப்போதே ஆரம்பிக்கிறேன், ஃபைப்ரினோஜன் உட்பட உறைதல் பரிசோதனை அனுப்புகிறேன், 15;17 குரோமோசோம் இடமாற்றம் உறுதியாகும்வரை காத்திருக்க மாட்டேன்." அவ்வளவுதான், நாற்பது விநாடி ஆகுமா? நோயின் பெயர் கடைசியில்தான் வருகிறது. ஆனால் அது வரும்போது எக்சாமினர் ஏற்கெனவே உங்களோடு வந்துவிட்டிருப்பார். "காத்திருக்க மாட்டேன்" என்ற இடத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள். அந்த நோயில் முதல் சில நாள் ரத்தக்கசிவில்தான் ஆளை இழக்கிறோம்.

துகள் இல்லாத மாதிரி வருகிற வகையும் உண்டு. வெள்ளணு எண்ணிக்கை ஏறி, உட்கரு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், மோனோசைட் என்று நினைத்து ஏமாறுவார்கள். அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

லீஷ்மன்_நீலம்

வணக்கம் டாக்டர். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு. 22 வருடமாக ஸ்மியர் போடுகிறேன். டாக்டர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் இது என் கைப் பக்குவம் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒரு 50 ஸ்லைடு நீங்களே போடுங்கள். போட்டவனுக்குத்தான் எது நோய், எது நாம் செய்த தப்பு என்று தெரியும். துளி பெரிதாக விழுந்தால் ஸ்மியர் ஓரம்வரை ஓடிவிடும், வால் வராது. ஸ்பிரெடரை 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, துளி ஓரம் முழுக்கப் பரவின பிறகு ஒரே இழுப்பு. நடுவில் யோசித்தால் படிக்கட்டு விழும். ஹீமோகுளோபின் குறைந்தவர் ரத்தம் தண்ணியாக ஓடும், அதற்குக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி வேகமாக இழுக்க வேண்டும். அது சொல்லி வராது, கைக்கே தெரியும்.

இப்போது மும்பை விஷயம். ஜூன் முதல் செப்டம்பர்வரை இங்கே காற்றிலேயே தண்ணீர். ஸ்மியர் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணு நடுவில் பளபளவென்று வளையம் விழும், புதிதாக வந்த ரெசிடென்ட் அதைப் பார்த்துவிட்டு டார்கெட் செல் (நடுவில் புள்ளி விழுந்த சிவப்பணு) என்பார், ஒட்டுண்ணி என்பார். ஃபைன் ஃபோகஸைத் திருப்பிப் பாருங்கள், மினுங்கினால் அது ஈரம். மெத்தனால் பாட்டிலை மூடாமல் வைத்தாலும் அதே கதை, அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நான் பாட்டிலைச் சின்னதாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுவேன். ஸ்மியரை இழுத்ததும் உடனே விசிறிக் காய வைப்பேன்.

லீஷ்மன் சாயம் ஊற்றி 2 நிமிடம், அப்புறம் அதற்கு இரண்டு பங்கு பஃபர், பிஎச் 6.8, ஒரு 7 முதல் 10 நிமிடம். பஃபர் கெட்டுப்போய் அமிலப் பக்கம் சாய்ந்தால் எல்லாம் சிவந்து உட்கரு வெளிறிவிடும், காரப் பக்கம் போனால் எல்லாம் நீலம். பரீட்சை ஸ்லைடில் கறை சரியில்லை என்றால் அதையும் எக்சாமினரிடம் தைரியமாகச் சொல்லலாம் என்று எங்கள் பழைய மேடம் சொல்வார்.

பரேல்_வாசி

அண்ணே, எழுதலாமா என்று யோசித்தேன் என்றீர்களே, இந்த இழையில் எனக்கு அதிகம் வேண்டியிருந்ததே இதுதான். மினுங்குகிற வளையத்தை நான் உண்மையிலேயே டார்கெட் செல் என்று ஒரு கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அந்த நோயாளிக்கு அதனால் எதுவும் மாறவில்லை.

அக்கா, நேற்று அம்மாவிடம் சொன்னேன். "மறுபடி எழுது" என்றார், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

மேரோவுக்கும் இதே முறைதானா?

சிவப்பணு

அதே முறைதான். 10 லென்ஸில் துகள் இருக்கிறதா, கொழுப்பும் அணுவும் என்ன விகிதம், மெகாகேரியோசைட் (பிளேட்லெட்டை உருவாக்கும் அணு) எத்தனை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிளாஸ்ட் எண்ண வேண்டும். இரும்புக் கறை ஸ்லைடைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் எம்டிஎஸ் (மஜ்ஜை அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். பயாப்சியை ஹீமட்டாலஜிஸ்ட் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் டிரை டாப் (ஊசியில் மஜ்ஜை வராமல் போவது) ஆனால் ஏன் ஆனது என்று மூன்று காரணமாவது வர வேண்டும்.

ரத்தப் புற்று வகைப்பாடு பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் 5-ஆம் பதிப்பு ஒருபக்கம், ஐசிசி என்ற சர்வதேச வகைப்பாடு இன்னொரு பக்கம் என்று இரண்டு வந்துவிட்டன. எந்தப் பரீட்சையிலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு நோயாளியை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். என்பிஎம்1 மரபணு மாற்றம் இருக்கிறது, பிளாஸ்ட் 7 சதவீதம். முதலாவதில் இது ஏஎம்எல் (ஒரு வகைக் கடும் ரத்தப் புற்று), ஏனென்றால் அந்த மாற்றத்துக்கு அவர்கள் பிளாஸ்ட் எல்லை வைக்கவில்லை. ஐசிசியில் 10 சதவீதம் வேண்டும், அதனால் ஏஎம்எல் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, "இந்த நோயாளியை இரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பேன், சிகிச்சையை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன்" என்று சேர்த்தால் வைவா அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிடும்.

செம்பூர்_குட்டிடாக்டர்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எம்டி பீடியாட்ரிக்ஸ் முடித்து நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) தயாராகிறேன். ஹீமட்டாலஜிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) டே கேர் வார்டில் 6 மாதம் இருந்ததிலிருந்து வேறு எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. இப்போதே ஸ்லைடு எல்லாம் ஆரம்பித்துவிடலாமா?

நைட்_ட்யூட்டி

வேண்டாம்மா. 2022-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து நீட் எஸ்எஸ் வினாத்தாள் முழுக்க முழுக்க உங்கள் எம்டி பாடத்திலிருந்துதான். முன்பு இருந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டிப் பங்கு போய்விட்டது. 150 கேள்வி, சரியானதற்கு 4, தவறானதற்கு 1 கழிவு. நீங்கள் ஹீமட்டாலஜியில் மூழ்கினால் நியோனாட்டாலஜியும் நெஃப்ராலஜியும் கையைவிட்டுப் போய்விடும். சீட் வந்தபிறகு ஸ்லைடு பார்க்க 3 வருடம் இருக்கிறது. ஆனால் சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மைக்ரோஸ்கோப்பும் கோயாகுலேஷன் (ரத்த உறைதல்) பெஞ்சும் துறைக்குள்ளேயே இருக்கிறதா? இந்த இழையின் முதல் பதிவு ஏன் எழுதப்பட்டது என்பதை மறக்காதீர்கள். அங்கே படிக்கும் ரெசிடென்ட் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், வெப்சைட்டைப் பார்த்து நம்ப வேண்டாம்.

செம்பூர்_குட்டிடாக்டர்

நன்றி அண்ணா. அப்படியே செய்கிறேன். பதிலுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைத் தந்துவிட்டுப் போகிறேன், பரேல் அண்ணாவுக்கு உதவும்.

மும்பையில் ஹீமோகுளோபின் நோய்களைக் கேட்டால் ஊரையும் சமூகத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். உல்லாஸ்நகரிலிருந்து சிந்தித் தம்பதி வருகிறார்கள், இருவருக்கும் பீட்டா தலசீமியா டிரெய்ட் (நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பது), 9 வாரக் கர்ப்பம். எந்த மியூட்டேஷனைத் தேடுவீர்கள்? இந்தியா முழுக்க அதிகம் வருவது ஐவிஎஸ் 1-5 என்ற மாற்றம். ஆனால் சிந்திகள், லோஹாணாக்களிடம் 619 பேஸ் பேர் டெலிஷன் (மரபணுவில் ஒரு துண்டு விடுபடுவது) முக்கியம், அதை விட்டுவிடக் கூடாது. பால்கர் பக்கப் பழங்குடிக் குழந்தைக்கு மூட்டு வலியும் மஞ்சள் காமாலையும் என்றால் சிக்கிள் செல் நோய். நம் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று: இந்தியாவில் சிக்கிளை முதலில் கண்டு எழுதியது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952-இல். நான் கோயம்புத்தூரில் படித்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை, மும்பை வந்துதான் தெரிந்தது.

இன்னொன்று, இப்படி வருகிற பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைவும் இருந்தால் ஹெச்பிஏ2 (டிரெய்ட்டில் கூடுகிற ஹீமோகுளோபின் வகை) இறங்கி, 3.5 சதவீதத்துக்குக் கீழே வந்து டிரெய்ட்டை மறைத்துவிடலாம். கர்ப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரும்பு கொடுத்து 3 மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. கணவர் டிரெய்ட் என்றால் மனைவிக்கு நேராக டிஎன்ஏ பரிசோதனைக்குப் போக வேண்டும். நான் டே கேரில் பார்த்த ஒரு அம்மாவுக்கு முதல் கர்ப்பத்தில் "நார்மல்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையனுக்கு இப்போது 7 வயது. 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறான்.

சிவப்பணு

அந்தக் கடைசி வரிக்காகவே பரேல் தம்பி இந்தப் பதிவை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

சரி, கோயாகுலேஷனுக்கு வருவோம். ஒரு கேஸ் போடுகிறேன், யாராவது சொல்லுங்கள். 29 வயது, பிரசவம் ஆகி 5 வாரம். தொடையில் பெரிய ரத்தக்கட்டு, கை முழுக்கக் கருநீலத் திட்டுகள். இதற்கு முன்னால் ரத்தக்கசிவு இருந்ததில்லை, குடும்பத்திலும் இல்லை. பிளேட்லெட் சரி, உறைதல் நேரப் பரிசோதனைகளில் பிடி சரி. ஏபிடிடி 88 விநாடி, எங்கள் லேபில் மேல் எல்லை 36. நார்மல் பிளாஸ்மாவோடு சம அளவு கலந்த உடனே 39. 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்த பிறகு 68.

கார்கர்_மழை

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (உறைதல் சோதனையை நீட்டும் ஆன்டிபாடி)? கலந்தும் சரியாகவில்லை என்பதால்.

சிவப்பணு

திரும்பப் படியுங்கள். கலந்த உடனே கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் நீள்கிறது. அதோடு இவருக்கு ரத்தம் வழிகிறது, லூபஸில் பெரும்பாலும் உறைந்துபோகும்.

பரேல்_வாசி

நான் முயற்சி செய்கிறேன், நீங்கள் சொன்ன முறையில். ஏபிடிடி மட்டும் தனியாக நீண்டிருக்கிறது, உடனே கலந்தால் பெரும்பாலும் சரியாகிறது, 37 டிகிரியில் நேரம் ஆக ஆக மறுபடி நீள்கிறது. நேரம் எடுத்து வேலை செய்கிற ஒரு தடுப்பான். பிரசவத்துக்குப் பிறகு, முன்பு கசிவே இல்லாத பெண். ஃபேக்டர் 8-க்கு எதிரான ஆன்டிபாடி, அக்வயர்டு ஹீமோஃபீலியா ஏ (பிறவியில் இல்லாமல் பின்னால் வருவது) என்று நினைக்கிறேன். ஃபேக்டர் 8 அளவும் பெதஸ்டா டைட்டரும் (தடுப்பானின் அளவு) அனுப்புவேன். ஊசி போடுவது, கட்டியைக் கீறுவது எதுவும் வேண்டாம் என்று சர்ஜனுக்குச் சொல்வேன். கசிவுக்கு ரீகாம்பினன்ட் ஃபேக்டர் 7ஏ அல்லது ஆக்டிவேட்டட் பிசிசி (உறைதல் காரணிகளின் கலவை), ஆன்டிபாடியை ஒழிக்க ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் அதோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடு அல்லது ரிட்டக்ஸிமாப்.

சிவப்பணு

தம்பி, மூன்று வாரத்துக்கு முன்னால் ஐடிபி என்று ஒரே வார்த்தை சொன்னவர் நீங்கள்தானா! சர்ஜனுக்குச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றே ஒன்று விட்டுப்போனது. நோயாளியின் பிளாஸ்மாவையும் நார்மலையும் தனித்தனிக் குழாயில் அதே 2 மணி நேரம் வைத்து, கடைசியில் கலந்து ஒரு கன்ட்ரோல் போட வேண்டும். ஃபேக்டர் 8 சூட்டில் தானாகவே கொஞ்சம் குறையும், அந்தக் குறைவைத் தடுப்பான் என்று நினைத்துவிடக் கூடாது. எமிசிசுமாப் (ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் மருந்து) எடுத்துக்கொண்டிருக்கும் ஹீமோஃபீலியா நோயாளிக்கு ஏபிடிடி நம்பத் தகுந்தது அல்ல என்பதையும் தெரிந்து வையுங்கள். ஃபேக்டர் 8 நிறைய இருக்கிற மாதிரிக் காட்டிவிடும். மாட்டுப் புரதம் கொண்ட குரோமோஜெனிக் முறையில்தான் பார்க்க வேண்டும்.

கார்கர்_மழை

என் அவசரத்துக்கு மன்னிக்கவும் அக்கா. நல்ல பாடம்.

நான் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பாத்தாலஜிஸ்ட்ஸின் எஃப்ஆர்சிபாத் தேர்வின் பார்ட் 2-க்குத் தயாராகிறேன். இந்த இழையில் பேசுவது எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்துகிறது. அங்கே மார்ஃபாலஜி, கோயாகுலேஷன், டிரான்ஸ்ஃபியூஷன் எல்லாவற்றுக்கும் தனி இடம், அப்புறம் வாய்மொழி. இங்கிருந்து போகிற நாம் அடிவாங்குவது டிரான்ஸ்ஃபியூஷனில். நம் ஊரில் பிளட் பேங்க் தனித் துறை, ஹீமட்டாலஜிக்காரர் கிராஸ்மேட்ச் (ரத்தப் பொருத்தம் பார்க்கும்) பெஞ்சில் உட்காருவதே இல்லை. ஆன்டிபாடி பேனலை (பல செல்களோடு சோதித்த அட்டவணையை) வைத்துக்கொண்டு எது என்று கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதை வாரம் 3 பேனலாவது பென்சிலால் போட்டால்தான் வரும். எழுதும் பழக்கமும் மாற வேண்டும். ஹீமோகுளோபின் 8 என்று எழுதினால் அங்கே பதறிவிடுவார்கள், லிட்டருக்கு 80 என்று எழுத வேண்டும். ஆன்டி-டி (ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஊசி) நமக்கு 300 மைக்ரோகிராம், அவர்களுக்கு 1,500 யூனிட், இரண்டும் ஒன்றுதான். பிரிட்டிஷ் ஹீமட்டாலஜி சொசைட்டியின் வழிகாட்டுதல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

லீஷ்மன்_நீலம்

பிளட் பேங்க் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பம்பாய் குரூப் என்ற அரிய ரத்த வகையைப் பம்பாயில் இருந்துகொண்டு தெரியாமல் பரீட்சைக்குப் போகாதீர்கள் டாக்டர். எனக்கு ஒருமுறை ராத்திரி ட்யூட்டியில் வந்தது. செல் குரூப்பிங்கில் ஓ. சீரத்தை ஓ செல்லோடு போட்டால் கட்டியாகிறது. கை தப்பு என்று மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே. அப்புறம் ஆன்டி-ஹெச் லெக்டின் (ஹெச் பொருளைக் காட்டும் திரவம்) போட்டால் ஒன்றுமே ஆகவில்லை. அப்போதுதான் சீனியரை எழுப்பினேன். ஓ ரத்தம் கொடுத்திருந்தால் அந்த ஆள் போயிருப்பார்.

சிவப்பணு

அண்ணே, மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தீர்களே, அதனால்தான் அவர் பிழைத்தார்.

1952-இல் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் இதே ஊரில் கண்டுபிடித்தது அது. ஹெச் பொருளே இல்லாததால் ஏ, பி, ஓ மூன்றுமே அவர்களுக்கு அந்நியம். பம்பாய் ரத்தம் மட்டும்தான் ஏற்ற முடியும். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கேஇஎம் மருத்துவமனை வளாகத்தில் 13-ஆம் மாடியில் ஐசிஎம்ஆரின் இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இருக்கிறது. 1957-இல் ரத்தப் பிரிவு மையமாக ஆரம்பித்த இடம்.

நைட்_ட்யூட்டி

லாங் கேஸ் பாக்கி வைத்திருந்தேன்.

நம் ஆட்கள் பலருக்கு அங்கே போவது மொழியில். கேஸ் ஷீட்டை ஆங்கிலத்தில் அழகாக எழுதுவோம், ஆனால் நோயாளியிடம் சரியான வார்த்தை வராது. ரத்தக்கசிவு வரலாறு முழுக்க வீட்டு வார்த்தைகளில் இருக்கிறது. மராத்தியில் மாதவிடாய் "பாளி", ஈறு "ஹிரட்யா", மஞ்சள் காமாலை "காவீள்", உடம்பில் கருநீலத் திட்டு "காளே-நிளே டாக்". சொந்தத்தில் கல்யாணமா என்பதற்கு "நாத்யாத லக்ன". நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன் என்று கேட்டால் சட்டென்று பதில் வரும், இங்கே கேட்கும் விதம் வேறு. கிளான்ஸ்மேன், ஃபேக்டர் 13 குறைவு மாதிரிப் பரம்பரை ரத்தக்கசிவு நோய்களெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் பிடிபடும்.

எத்தனை பேட் மாற்றினீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். என் பரீட்சையில் என்னைத் தேற்றியது அந்தக் கேள்விதான். 19 வயதுப் பெண், ஹீமோகுளோபின் 6.2, எல்லோரும் இரும்புக் குறைவு என்றே எழுதியிருந்தார்கள். இரும்புக் குறைவு உண்மைதான். ஆனால் பூப்பெய்திய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரவில் எழுந்து துணி மாற்றியதாக அவர் சொன்னார். பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை என்பதையும் அவர் அம்மா அப்போதுதான் நினைவுபடுத்தினார். வான் வில்லிபிராண்ட், அதுவும் பரம்பரை ரத்தக்கசிவு நோய்தான். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

பேட்டில் கட்டி வருமா என்பதற்கு மராத்தியில் என்ன என்று வார்டு ஆயாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பதுதான் நோயாளிக்குப் புரியும்.

பரேல்_வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு நல்ல செய்தி. பரேலில் ஒரு லேபில் காலை 7 முதல் 9 வரை உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது. ட்யூட்டிக்கு முன்னால் போய்விடுவேன். முதல் வாரத்தில் 31 ஸ்லைடு, காகிதம் இல்லாமல். 12-இல் தப்பு செய்தேன். அதில் 5 இடத்தில் 10 லென்ஸைத் தாண்டி அவசரமாக ஆயிலுக்குப் போயிருக்கிறேன். ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

ஸ்மியர் போடவும் ஆரம்பித்திருக்கிறேன். முதல் 20 குப்பைக்குத்தான் போயின. இருபத்தொன்றாவதுக்கு வால் வந்தது. ஃபோட்டோ எடுத்து லீஷ்மன் அண்ணனுக்கு அனுப்பினேன்.

லீஷ்மன்_நீலம்

வால் நன்றாக இருந்தது டாக்டர். துளியை இன்னும் கொஞ்சம் சின்னதாக வையுங்கள்.

சிவப்பணு

ஞாயிறு காலை 10 மணிக்கு மாட்டுங்காவில் என் வீட்டில் இரண்டு பேர் பார்க்கிற மைக்ரோஸ்கோப் இருக்கிறது. பரேல் தம்பி, கார்கர் தம்பி, வரலாம். குட்டிடாக்டர் நீட் முடிந்தபிறகு வரட்டும். லீஷ்மன் அண்ணே, முடிந்தால் உங்களிடம் இருக்கும் பழைய கற்பித்தல் ஸ்லைடுகளைக் கொண்டு வாருங்கள். லேபிள் எல்லாம் கிழித்துவிட்டு, எண் மட்டும் போட்டு. எனக்கும் விடை தெரிய வேண்டாம்.

லீஷ்மன்_நீலம்

40 ஸ்லைடு இருக்கிறது மேடம். சனிக்கிழமை ராத்திரி துடைத்து வைத்துவிடுகிறேன். ஆயில் நான் கொண்டு வருகிறேன்.